மேலே போனவர்

ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் ஓட்டியவர் அவர். அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர் கடைசிவரை தெரியாது. 'மேலயாகீழயா' என்று ஒரே சொல்லாகச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு கேள்விதான். முகத்தைப் பார்த்ததுமே யார் எந்த மாடிக்குப் போகிறவர் என்று தெரிந்துவிடும், இருந்தாலும் கேட்பார். கேட்காமல் ஏற்றிக்கொண்டு போனால் தனக்கும் ஸ்டூலுக்கும் என்ன வித்தியாசம் என்பது அவர் கட்சி.

அது பழைய லிஃப்ட். பொத்தானை அமுக்கினால் தானே போய் நிற்கிற சொகுசெல்லாம் கிடையாது. பித்தளைக் கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் ஏறும், மறுபக்கம் தள்ளினால் இறங்கும், நடுவில் விட்டால் நிற்கும். எந்த இடத்தில் விடுவது என்பதில்தான் வித்தையே இருக்கிறது. கொஞ்சம் முந்தினால் பள்ளம், கொஞ்சம் பிந்தினால் மேடு, ஏறுகிறவர் இடறி விழுவார். அவர் நிறுத்தினால் லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒட்டி நிற்கும். அவர் லீவு போட்ட நாட்களில் மாற்றாக வந்தவன் "பார்த்துக் கால் வைங்க சார், பார்த்துக் கால் வைங்க" என்று கத்திக்கொண்டே இருப்பானாம். இவர் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை.

அதற்காக ரொம்ப நல்லவர் என்று எண்ணிவிட வேண்டாம். யாராவது மூச்சிரைக்க ஓடி வந்தால், அவர்கள் கண்ணெதிரே மடக்குக் கதவை இழுத்து மூடுவதில் அவருக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. ஏழாவது மாடி டைப்பிஸ்ட் ஒருத்தி ஒரு முறை 'யோவ்' என்று கூப்பிட்டுவிட்டாள். உள்ளே இரண்டே பேர் நிற்கும்போதுகூட அவளைக் கண்டால் "ஆள் நெறைஞ்சாச்சும்மா" என்பார். இரண்டு வருடம் அவள் படியேறினாள். இப்படி ஆட்களை ஏற்றியும் ஏற்றாமலும் அவர் காலம் போயிற்று. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது லிஃப்டும் போயிற்று, அவர் வேலையும் போயிற்று. அடுத்த வருடம் மனைவியும் போனாள்.

மகன் வீட்டில் போய் இருந்தார். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வாழ்நாளெல்லாம் உட்கார்ந்தபடியே ஒன்பது மாடி ஏறின மனிதருக்கு இது தண்டனைதான். முதலில் நாளுக்கொரு தடவை இறங்கினார், பிறகு வாரத்துக்கொரு தடவை, பிறகு முழங்கால் இரண்டும் சேர்ந்து மறுத்துவிட்டன. குளியலறையில் ஒரு தடவை வழுக்கி விழுந்து, மருமகள் எதிர்வீட்டு ஆளைக் கூப்பிட்டுத் தூக்கிவிட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து வீட்டில் குசுகுசு பேச்சு ஆரம்பமாயிற்று.

ஒன்றும் பார்க்காமல் கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளை வைத்தார்கள். அவருடைய நொய்நொய் தாங்காமல் பத்தாவது நாள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பகலில் மட்டும் வைத்திருந்து சாயங்காலம் திருப்பி அனுப்புகிற இடம் ஒன்று இருந்தது. வண்டி வாசலுக்கே வரும், ஆனால் வாசல் நாலு மாடி கீழே இருந்தது. மகளைக் கேட்டார்கள். "எங்க மாமியாரே கட்டில்ல கெடக்காங்க, நான் எந்தப் பக்கம்னு பார்ப்பேன்" என்றாள். அது பொய்யும் இல்லை. கடைசியில் மிஞ்சியது முதியோர் இல்லம்.

கொண்டுபோய் விட்ட அன்று மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "லிஃப்ட் இருக்கற வீடா பார்த்துட்டே இருக்கேன்பா. கெடச்ச அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

அதை அவர் நம்பினார். நம்பாமல் என்ன செய்வார், பெற்ற பிள்ளையாயிற்றே. மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்.

இல்லம் இரண்டே தளம். கீழே எட்டு அறைகள், ஆளுக்கொன்று. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு, சுவரில் ஒரு ஆணி, சாமான் வைக்க ஒரு அலமாரி. மேலே ஒரே நீளக் கூடம். பன்னிரண்டு கட்டில், தடுப்புக் கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது, துணி மாற்றுவதும் துடைத்துவிடுவதும் எல்லார் கண்முன்னாலும்தான். எழுந்து நடமாடுகிறவர்கள் கீழே, முடியாதவர்கள் மேலே. அங்கே இருந்த எல்லாரும் இதை இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். "அந்த வாத்தியாரம்மா எங்க?" "மேல போயிட்டாங்க." புதிதாக வந்தவர்கள் முதலில் திடுக்கிடுவார்கள், பத்து நாளில் பழகிவிடும். பழகிய பிறகு அந்தச் சொல்லுக்கு வெளியே வேறு அர்த்தம் இருப்பதே மறந்துபோகும்.

யார் மேலே, யார் கீழே என்பதைத் திங்கட்கிழமை முடிவு செய்வார்கள். நடைகூடத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கும், ஒன்பது அடி தள்ளித் தரையில் ஒரு மஞ்சள் கோடு. கையை ஊன்றாமல் எழுந்து, கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற மேட்ரன் கையில் கடிகாரத்தோடு நிற்பாள். இருபது விநாடிக்குள் வந்தால் கீழே. இரண்டு வாரம் தொடர்ந்து தாண்டினால் படுக்கையைச் சுருட்ட வேண்டியதுதான்.

"கீழ இருக்கறவங்கள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க தாத்தா, ரெண்டு பேரை நானே பார்த்தேன்" என்று கூட்டிப் பெருக்குகிற ஆயா அவரிடம் ஒரு நாள் சொன்னாள். "மேல போனவங்கள யாரும் கூட்டிட்டுப் போனதில்ல." அவள் ஒளிவுமறைவு தெரியாதவள். மனிதர் அந்தப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்குத் திங்கட்கிழமைதான் உலகம். தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அறைக்குள் எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து பழகினார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தால் எழுவது சுலபம் என்று கண்டுபிடித்தார். திரும்பும்போதுதான் நேரம் போகிறது என்பதால், திரும்புவதை மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகப் பழகினார். பதினெட்டு, பதினேழு, பத்தொன்பது என்று வந்துகொண்டிருந்தது. பக்கத்து அறைக்காரர், ஒரு காலத்தில் தபால்காரராக இருந்தவர், இருபத்திரண்டில் வந்தபோது இவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அடுத்த வாரம் தபால்காரர் மேலே போய்விட்டார். இவர் போய் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. மேலே என்றாலே தொற்று நோய் மாதிரி ஒரு பயம்.

அவரைக் கவிழ்த்தது முழங்கால் இல்லை, தொழில்தான். இல்லத்திலும் ஒரு லிஃப்ட் இருந்தது. படுத்த ஆளைக் கட்டிலோடு ஏற்றுகிற அகலமான லிஃப்ட். பொத்தான் வைத்தது, தானே போய்த் தானே நிற்பது. ஆனால் ஒழுங்காக நிற்காது. அரை அங்குலம் உயரத்தில் நின்றுவிட்டு, அதுதான் தரை என்று சாதிக்கும். போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்து அவருக்கு வயிறு எரியும். சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை வார்டு ஆள் ஒருவன் சாப்பாட்டு வண்டியை உள்ளே தள்ளும்போது சக்கரம் அந்த மேட்டில் இடித்துத் தட்டெல்லாம் கலகலத்தது. இவருக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுப்பா, எப்படி நிறுத்தறதுன்னு காட்டறேன்" என்று எழுந்து போனார். பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே காலை உள்ளே வைத்தார். முப்பத்து நான்கு வருடம் தரையைப் பார்க்காமல் லிஃப்டுக்குள் நுழைந்த கால், அந்த அரை அங்குலத்தில் இடறிற்று.

எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு வீங்கி, இடுப்பில் அடி. ஆனால் திங்கட்கிழமை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தவரால் எழவே முடியவில்லை. முதல் தடவை முக்கினார். இரண்டாவது தடவை, கூடாது என்று தெரிந்தும், வீங்கிய கையை ஊன்றினார். மூன்றாவது தடவை அழுதுவிட்டார். "கொஞ்சம் இரும்மா, எந்திரிச்சுடுவேன், இதோ எந்திரிச்சுடறேன்" என்றார். மேட்ரன் கடிகாரத்தை எப்போதோ நிறுத்தியிருந்தாள். இவருக்கு இன்னொரு வாரம் தருவதாக இல்லை. விழுந்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

மறுநாள் காலை வலிக்கு ஊசி போட்டார்கள். அந்த மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோதே மாற்றினார்கள். லிஃப்டில் ஏற்ற முடியவில்லை. ஆள் விழுந்ததால் அதைச் சரிபார்க்கப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதனால் போர்வையின் நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துத் தூக்கிப் படி வழியாகக் கொண்டுபோனார்கள். கீழே அறையைக் காலி செய்து, அவர் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கி, இல்லத்து ஆபீஸ் வாசலில் வைத்தார்கள். மேலே அலமாரி கிடையாது. அதிகப்படி சாமானை வீட்டார் வந்து எடுத்துப்போக வேண்டும் என்பது விதி.

வீட்டுக்குத் தகவல் சொன்னது ஆபீஸில் இருந்த பெண். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம், அதாவது அந்தச் சொல் நன்றாகப் பழகியாயிற்று. போனை எடுத்தது மருமகள்.

"மேடம், உங்க மாமா இன்னைக்குக் காலையில மேல போயிட்டாரு."

மருமகள், "ரொம்பக் கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இல்ல மேடம். தூக்கத்துலயே. நாலு பேர் தூக்கிட்டுப் போனோம், அவருக்கு ஒண்ணுமே தெரியல. ரூமைக் காலி பண்ணிட்டோம், பெட்டி ரெடியா இருக்கு. எப்ப வர்றீங்க?"

இதற்கு மேல் ஒரு மனுஷி என்னத்தைப் புரிந்துகொள்வாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு வேனும் ஒரு பிணவண்டியும் இல்லத்து வாசலில் வந்து நின்றன. மகன், மருமகள், வெளியூரிலிருந்து கிளம்பி வந்த மகள், அவள் புருஷன், செத்துப்போன அவர் மனைவியின் தம்பி, பழைய ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர். மருமகன் கையில் மலர்வளையம். மூன்று வருடத்தில் அந்த வாசலுக்கு இத்தனை பேர் சேர்ந்து வந்ததில்லை. மகள் வேனிலிருந்து இறங்கும்போதே அழுதாள். ஆபீஸ் பெண்ணைப் பார்த்து மகன், "எங்க இருக்காரு?" என்று கேட்டான். அவள் இயல்பாக மாடியைக் காட்டி, "மேலதான் சார், இப்பத்தான் பால் குடிச்சாரு" என்றாள்.

விஷயம் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. அந்த அரை நிமிஷம் முடிந்தபோது மகளின் அழுகை நின்றிருந்தது. பழைய ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மருமகனுக்கு மலர்வளையத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மகன் முகத்தில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். அவன் எல்லாருக்கும் சொல்லி முடித்திருந்தான், லீவு போட்டிருந்தான், ரயிலில் வர மகள் பட்ட பாட்டைக் கேட்டிருந்தான். இத்தனைக்கும் பிறகு அப்பா பால் குடித்துக்கொண்டிருக்கிறார்.

"அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க" என்று மருமகள் அடிக்குரலில் எல்லாரிடமும் சொன்னாள். "சும்மா பார்க்க வந்தோம்னு இருக்கட்டும்." அப்போது மனைவியின் தம்பி மட்டும் அங்கே இல்லை. வண்டியிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தார். இருந்திருந்தாலும் பிரயோஜனமில்லை, அவருக்குக் காது மந்தம்.

மேலே ஐந்தாவது கட்டிலில் அவர் விழித்துக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர் வரிசையாக வந்து நின்ற முகங்களைப் பார்த்தார். மகன். மருமகள். மகள், அதுவும் அழுது சிவந்த கண்ணோடு. அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றிற்று. எழுந்து உட்காரப் பார்த்தார், இடுப்பு விடவில்லை, தலையை மட்டும் தூக்கினார்.

"கெடச்சிருச்சா?" என்றார்.

"என்னப்பா?"

"வீடு."

மகன் மருமகளைப் பார்த்தான். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "என்னடா, விழுந்துட்டேன்னு கேள்விப்பட்டு எல்லாருமா வந்துட்டீங்களா? இது ஒண்ணும் இல்ல, ஒரு வாரத்துல சரியாயிரும். நேத்தே எந்திரிச்சிருப்பேன், அந்தம்மாவுக்குப் பொறுமை இல்ல." பிறகு மருமகளைப் பார்த்து, "என் பெட்டிய எடுத்துட்டியாம்மா?" என்று கேட்டார்.

"கீழ ரெடியா இருக்கு மாமா" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

அவர் முகம் மலர்ந்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த தபால்காரரைப் பார்த்து, மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவரோடு பேசினார். "என் பையன் வந்துட்டான். பெட்டியெல்லாம் கட்டியாச்சாம்." தபால்காரர் கண்ணை மட்டும் திருப்பினார். மேலே போனவர்களில் ஒருவரைக் கூட்டிப் போகிறார்கள் என்பதை அவரும் நம்பினாரோ என்னவோ, அவர் உதடு கோணிற்று.

"அப்பா, இப்ப கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்று மகன் ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து மனைவியின் தம்பி படியேறி வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது, கண்ணெல்லாம் ஈரம். கட்டில் அருகில் வந்து பார்த்தவர் அப்படியே நின்றார்.

"மச்சான், நீ உயிரோடயா இருக்க?"

காது கேட்காதவர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. பன்னிரண்டு கட்டிலும் திரும்பிற்று. மருமகள் அவர் கையைப் பிடித்துக் கிள்ளினாள். அவர் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டு, தைரியமாகத் தொடர்ந்தார். "காலையில நீ செத்துட்டேன்னு போன் வந்துச்சுன்னாங்களே. வாசல்ல பிணவண்டி வேற நிக்குது. உன் பையன் வீட்டு லிஃப்ட்ல எறங்கும்போதே ஆரம்பிச்ச அழுகை மச்சான், இப்பத்தான் நிக்குது."

பிணவண்டி என்பதைக் கேட்டு அவர் அதிரவில்லை. அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. தலையைத் தலையணையில் வைத்துக்கொண்டு மைத்துனரைப் பார்த்து, அவருக்குக் கேட்கும்படி உரக்க, "எந்த மாடி?" என்று கேட்டார்.

"ஆறாவது."

"எப்பக் குடிபோனாங்க?"

"போன வருஷமே போயிட்டாங்களே, உனக்குத் தெரியாது?"

"கதவு தானா மூடுமா?"

"தொட்டாப் போதும். உள்ள கண்ணாடி வேற."

"சக்கர நாற்காலி போகுமா?"

"கட்டிலே போகும் மச்சான், அம்புட்டு அகலம்."

மைத்துனருக்குத் தன்னை ஒருவர் இவ்வளவு ஆர்வமாகக் கேட்பதில் பெருமைதான். அவர் இன்னும் சொல்லியிருப்பார். இவர் மகன் பக்கம் திரும்பிவிட்டார். மகன் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர் குரலில் கோபம் இல்லை. ஒரே தொழிலில் இருக்கிற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிற மாதிரிதான் கேட்டார்.

"நிக்கறப்ப தரையோட ஒட்டி நிக்குதாடா?"

"நிக்குதுப்பா" என்றான் மகன்.

"அப்ப நல்ல லிஃப்ட்" என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு யார் யாரோ என்னென்னவோ சொன்னார்கள். வீடு சின்னது என்றாள் மருமகள். பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்று இருந்தோம் என்றாள். அடுத்த வாரம் வந்து உட்கார்ந்து பேசறேன்பா என்றான் மகன். மகள் மட்டும் அவர் காலைத் தொட்டாள். தொட்ட கையை உடனே எடுத்துத் துடைத்துக்கொண்டாள், போர்வை ஈரமாக இருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நாலரை மணிக்கு வேன் கிளம்பிற்று. பிணவண்டிக்காரன் ஆள் இல்லாமல் திரும்ப வேண்டுமா என்று முணுமுணுத்தான். பெட்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள். மலர்வளையத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ஆபீஸ் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனான் மருமகன்.

விளக்குப் போடுகிற நேரத்தில் மேட்ரன் மேலே வந்தாள். மேலே வருகிறவர்களுக்குப் புதுப் படிவம் நிரப்ப வேண்டும். என்ன மாத்திரை, எத்தனை வேளை, யார் ஊட்டிவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தாள். ஆபீஸ் பெண்ணைக் கண்டித்துவிட்டதாகவும், இனிமேல் போனில் 'மாடிக்கு மாத்தியிருக்கோம்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டிருப்பதாகவும் சொன்னாள். கடைசி வரிக்கு வந்தாள்.

"ஏதாவது ஒண்ணுன்னா யாருக்குச் சொல்லணும் தாத்தா? பையன் நம்பரே போட்டுடவா?"

"யாருக்கும் சொல்ல வேணாம்."

"அப்படிக் காலியா விட முடியாது தாத்தா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா வீட்டுக்குத் தெரியணும்ல."

அவர் இந்தப் பக்கம் திரும்பினார். திரும்புவதற்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"அதான் சொல்லியாச்சேம்மா. வந்து அழுதுட்டும் போயிட்டாங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு தடவையா அழுவாங்க?"